200 ஆம்ப் பெட்டி, 16 ஆம்ப் பிளக்: வீட்டுக்கு ஒரு வெல்டிங் செட்

கடையில் 5,000 ரூபாயில் தொடங்கி 10,000 வரை அடுக்கி வைத்திருக்கும் சின்ன இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின்கள் பார்வைக்கு எல்லாம் ஒரே சாயல்தான். நாலைந்து கிலோ எடை, தோளில் மாட்ட ஒரு பட்டை, கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, ஒரு குட்டித் திரை, கீழே பிளஸ் மைனஸ் என்று இரண்டு துளை. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 200. பழைய டிரான்ஸ்பார்மர் செட்டை நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதிசயம். கீல் விட்ட கேட், மாடியில் துணி காயப்போடும் கம்பம், செடித்தொட்டி ஸ்டாண்டு, உடைந்த கட்டில் சட்டம் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். அந்த 200-ஐ மட்டும் நம்ப வேண்டாம். அந்த எண்ணுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரம் இரண்டாயிரத்தை வயருக்கும் கிளாம்புக்கும் கண்ணாடிக்கும் கொடுத்தால் வேலை சுத்தமாக வரும்.

பெட்டியின் பின்னாலோ அடியிலோ ஒரு தகடு ஒட்டியிருக்கும். விற்பவர் அதைக் காட்ட மாட்டார்; நாமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதில் ‘ஐ2’ என்றால் ராடுக்கு (உருகி இணைப்பாகும் வெல்டிங் கம்பிக்கு) வரும் கரண்ட், ‘யூ2’ அப்போது ஆர்க்கில் (ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறியில்) இருக்கும் வோல்ட், ‘ஐ1 மேக்ஸ்’ சுவரிலிருந்து இழுக்கும் கரண்ட், ‘எக்ஸ்’ டியூட்டி சைக்கிள். ராடு வெல்டிங்குக்கு யூ2 கணக்கு எந்தக் கம்பெனி மெஷினுக்கும் ஒன்றுதான்: கரண்டை 0.04-ஆல் பெருக்கி, அதோடு 20-ஐக் கூட்ட வேண்டும். 200 ஆம்புக்கு 28 வோல்ட் வரும். இரண்டையும் பெருக்கினால் 5,600 வாட். இப்போது ஐ1 மேக்ஸைப் பாருங்கள். 25 ஆம்ப் என்று அச்சிட்டிருந்தால், 230 வோல்ட்டில் உள்ளே போவதே 5,750 விஏ (வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கிய அளவு). போனதெல்லாம் அப்படியே வெளியே வருகிறது என்று அர்த்தம். அப்படி ஒரு மெஷின் இந்த விலையில் கிடையாது. நூறு வாட் போனால் 80, 85 வாட் வெளியே வரும். இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்று சொல்லும் பவர் ஃபேக்டரும் 0.7 பக்கம்தான் நிற்கும். உண்மையிலேயே 200 ஆம்ப் தரும் பெட்டி சுவரிலிருந்து 40 ஆம்புக்கு மேல் இழுத்தே ஆக வேண்டும். 25 போட்டிருந்தால் அது 125 ஆம்ப் மெஷின், அவ்வளவுதான்.

125 என்பது குறையில்லை. வீட்டு வேலையில் 90-ஐத் தாண்டுவதே அபூர்வம். விலையைப் பேசும்போது மட்டும் இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

டியூட்டி சைக்கிளைப் பத்து நிமிடத்தை வைத்துச் சொல்வார்கள். 60 சதவீதம் என்றால் அந்தக் கரண்டில் ஆறு நிமிடம் ஓட்டி நாலு நிமிடம் ஆறவிட வேண்டும். முறையாகச் சோதித்த மெஷினில் இது 40 டிகிரி வெப்பத்தில் எடுத்த அளவு. குளுகுளு அறையில் எடுத்த அளவைத் தகட்டில் போட்டிருந்தால், மே மாதம் மொட்டை மாடியில் சூட்டைக் காட்டும் மஞ்சள் விளக்கு சீக்கிரமே எரிந்து மெஷின் தானாக நிற்கும். விளக்கு எரிந்தவுடன் சுவிட்சை அணைத்துவிடுவது பலர் செய்யும் தவறு. உள்ளே ஃபேன் ஓடினால்தான் சூடு இறங்கும். அணைக்காமல் விட்டுவிட வேண்டும். மற்றபடி வீட்டுக்காரருக்கு இந்தச் சதவீதம் பெரிய விஷயமில்லை. 2.5 மி.மீ. ராடு ஒன்று ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அடுத்ததை மாட்டி, ஸ்லாக் (வெல்டின் மேல் படியும் கறுப்பு ஓடு) தட்டி, பிரஷ் போட்டு, பொருளைத் திருப்பி வைப்பதற்குள் மெஷின் ஆறியிருக்கும்.

உண்மையான எல்லை சுவரில் இருக்கிறது. 80 ஆம்பில் ராடு ஓடும்போது பிளக்கில் 14, 15 ஆம்ப் போகும். 100-இல் 18, 19. 120-இல் 23. வீட்டில் ஏசிக்கோ கீசருக்கோ போட்ட 16 ஆம்ப் பாயிண்டில் 80 வரை நிம்மதி. 100-இல் அவ்வப்போது ஒரு ராடு என்றால் ஓடும். அதற்கு மேல் பிளக்கின் பின்கள் சூடேறி, சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறும். அந்தப் பழுப்பைப் பார்த்தால் அன்றே சாக்கெட்டை மாற்றுங்கள். அடிக்கடி வேலை இருக்கிறது என்றால் மீட்டர் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயரில் தனி லைன், 32 ஆம்ப் ‘சி’ வகை எம்சிபி (டிரிப் சுவிட்ச்), நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடலாம். ‘பி’ வகை எம்சிபி என்றால் மெஷினைப் போட்ட நொடியே கப்பாசிட்டர் இழுக்கும் கரண்டில் விழக்கூடும். மெஷின் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களில் சிலருடைய பிரச்சினை இதுதான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அடுத்த வில்லன். டிரில் மெஷினுக்கு வாங்கிய 1 சதுர மி.மீ. வயர், 20 மீட்டர். 18 ஆம்ப் போனால் அந்த வயரிலேயே 12 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். மாலையில் 195, 200 வோல்ட் மட்டும் வரும் ஊரில் இது சேர்ந்தால் ஆர்க் திணறும், ராடு ஒட்டும். 4 சதுர மி.மீ. வயரில் அதே தூரத்துக்கு இழப்பு 3 வோல்ட்தான். இன்னொன்று, சுருளில் சுற்றியபடியே ஓட்டாதீர்கள். சுற்றின் நடுவில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகி, வயரோடு வயர் ஒட்டிக்கொள்ளும்.

மெஷினோடு இலவசமாக வரும், ராடைப் பிடிக்கும் ஹோல்டரும் பொருளைக் கவ்வும் எர்த் கிளாம்பும்தான் இந்த விலை மெஷின்களின் பலவீனமான இடம். கேபிள் ஒன்றரை, இரண்டு மீட்டர் இருக்கும். மெஷினைக் காலடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்; தீப்பொறி அதன் மேலேயே விழும். கேபிள் முனையில் ஒரு இழையை உருவிப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கரண்ட் செம்பைவிடக் குறைவாகத்தான் போகும். முறுக்கி நசுக்கிய இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, இணைப்பு கருகும். 16 சதுர மி.மீ. முழுச் செம்பு கேபிள் இரண்டு பக்கமும் 3 மீட்டர் போட்டால் 120 ஆம்ப் வரை கவலையில்லை. கேபிளைத் துளையில் செருகி வலப்பக்கம் திருகி இறுக்கும் பிளக் இரண்டு அளவில் வருகிறது, சின்னது ஒன்று, பெரியது ஒன்று. கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். திருகி இறுக்காமல் சும்மா செருகிவிட்டு ஓட்டினால் அந்தப் பித்தளை முனை நாலே நாளில் கறுத்துவிடும்.

எர்த் கிளாம்பைப் பற்றி ஒரு சோதனை. இரண்டு ராடு ஓட்டி முடித்து, மெஷினை அணைத்துவிட்டு கிளாம்பின் வாயைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் கரண்ட் அங்கே வீணாகிறது. தகரத்தை மடித்துச் செய்த கிளாம்பில் ஒரு தாடையில் மட்டும் கேபிள் முடுக்கியிருக்கும், மற்றத் தாடைக்குக் கரண்ட் துருப்பிடித்த ஸ்பிரிங் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு தாடையையும் செம்புப் பட்டையால் இணைத்த கிளாம்போ, போல்ட் போட்டு இறுக்கும் ஜி கிளாம்போ சில நூறு ரூபாய்தான். பெயிண்டின் மேலும் துருவின் மேலும் எர்த் மாட்டிவிட்டு ‘ராடு பிடிக்கவே மாட்டேங்குது’ என்று சொல்வதுதான் புதியவர்களின் முதல் புகார். கிரைண்டரால் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பளபளவென்று தேய்த்துவிட்டு மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ராடு விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்கு 6013 என்ற வகை ராடு ஒன்றே போதும். முதல் இரண்டு எண் வலிமையைச் சொல்கிறது, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, அதாவது 414 மெகாபாஸ்கல். நாம் வாங்கும் சாதாரண ஆங்கிளும் பட்டையும் ஐஎஸ் 2062 என்ற இந்தியத் தர விதியின்படி 410 தாங்கினால் தேறிவிடும். ராடு இரும்புக்குச் சளைத்ததில்லை. இது தெரியாமல், ‘இன்னும் ஸ்ட்ராங்கா குடுங்க’ என்று கேட்டு 7018 வாங்கிவருகிறார்கள். அது ஈரம் பட்டால் உள்ளே ஹைட்ரஜன் புகுந்து விரிசல் தரும் வகை. பிரித்த பெட்டியை 300, 350 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து, சூடாகவே எடுத்து ஓட்ட வேண்டும். வீட்டில் அதற்கு வழியில்லை. பாக்கெட்டில் இந்தியக் குறியீடும் இருக்கும், ஐஎஸ் 814-இன்படி 6013-க்கு ‘இஆர் 4211’ என்று. ஈசாப், அடோர், டி அண்ட் எச் செச்சரான் ராடுகள் சின்ன ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கின்றன. பெயர் தெரியாத ராடில் சேமிக்கும் பணம் கிரைண்டிங் வீலுக்குப் போய்விடும்.

எந்தத் தடிமனுக்கு எந்த ராடு என்பதில் வீட்டு வேலையில் சிக்கல் வருவது மெல்லிய பைப்பில்தான். 1.2 மி.மீ. ஸ்கொயர் பைப்புக்கு 2 மி.மீ. ராடு, 40 முதல் 50 ஆம்ப். 1.6 மி.மீ. பைப்புக்கு 2.5 ராடு, 55 முதல் 65. மூன்று மி.மீ. ஆங்கிள், பட்டைக்கு அதே 2.5 ராடு, 75 முதல் 90. ஐந்தாறு மி.மீ. என்றால் 3.15 ராடு, 105 முதல் 120. இங்கேதான் அந்த 16 ஆம்ப் பிளக் முனகத் தொடங்கும். மெல்லிய பைப்பில் ஹோல்டரை மைனஸிலும் எர்த்தை பிளஸிலும் மாட்டினால் ஓட்டை விழுவது குறையும். அப்படியும் விழுந்தால் கரண்டைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள், 2.5 ராடு 50-க்குக் கீழே ஒட்ட ஆரம்பிக்கும். ஒரு நொடி வைத்து எடுத்து, சிவப்பு மங்கும்வரை விட்டு, அதன் ஓரத்திலேயே அடுத்த பொட்டு வைக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் கிரில்லுக்குச் செய்வது இதைத்தான்.

பைப் வாங்கும்போதே தடிமனைச் சரிபாருங்கள். ‘16 கேஜ்’ (1.6 மி.மீ.) என்று சொல்லி 18 கேஜ் (1.2 மி.மீ.) தருவது சகஜம். ஒரு அங்குல ஸ்கொயர் பைப் 6 மீட்டர் நீளம், 1.6 மி.மீ. என்றால் ஏறக்குறைய 7 கிலோ இருக்க வேண்டும், 1.2 மி.மீ. என்றால் ஐந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தராசு பொய் சொல்லாது. கிலோ கணக்கில் வாங்கும்போது பணம் ஏமாறாவிட்டாலும், 1.6 என்று நினைத்து 65 ஆம்ப் வைத்தால் பைப் ஓட்டையாகும்.

ஈரம் ராடுக்கு எமன். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பிரித்த பாக்கெட் ஒரு மழைக்காலம் தாங்காது. பூச்சின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், ஓட்டும்போது படபடவென்று வெடித்தால், ஆறிய வெல்டில் ஊசித் துளைகள் தெரிந்தால் ராடு நனைந்துவிட்டது என்று பொருள். 6013-ஐ 100 முதல் 110 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் தேறும். சமையல் ஓவனை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ராடை இரும்பில் ஒட்டவைத்துச் சிவக்கச் சூடாக்கும் குறுக்கு வழி பூச்சையே கருக்கிவிடும். வராமல் தடுப்பதுதான் சுலபம்: மூன்று அங்குல பிவிசி பைப்பை 40 செ.மீ.க்கு வெட்டி, ஒரு பக்கம் மூடியை ஒட்டி, மறுபக்கம் திருகு மூடி போட்டால் 350 மி.மீ. ராடுகள் உள்ளே அடங்கும். 2.5 ராடு கிலோவுக்கு ஐம்பது சொச்சம் வரும். ஒரே வருடத்தில் தீராத அளவுக்கு மொத்தமாக வாங்குவதில் லாபமில்லை.

ராடை இழுக்கும்போது இடைவெளி ராடின் கம்பி கனம்தான், 2.5 ராடுக்கு இரண்டரை மி.மீ. தூக்கிப் பிடித்தால் ஆர்க் நீண்டு, பொறி தெறித்து, வெல்ட் மேலாகப் படர்ந்து நிற்கும். கடாயில் வடை வேகும்போது வரும் சீரான சத்தம் வந்தால் கரண்ட் சரி. செல்லும் திசையில் ராடின் கைப்பிடியைப் பத்திருபது டிகிரி சாய்த்துக்கொள்ளுங்கள். நேராகப் பிடித்தால் ஸ்லாக் முன்னால் ஓடி உலோகத்தின் அடியில் மாட்டும்; தட்டிப் பார்த்தால் பாதி வெல்ட் கறுப்பாகப் பெயர்ந்து வரும். சட்டம் செய்யும்போது நாலு மூலையும் டாக் (சின்னப் பொட்டு வெல்ட்) வைத்து, குறுக்கு அளவு இரண்டும் சமமா என்று டேப் பிடித்துப் பார்த்த பிறகே முழு வெல்டுக்குப் போக வேண்டும். மூலைக்கு வைக்கும் 90 டிகிரி காந்தம் நல்ல துணை. டாக் வைத்ததும் அதைக் கழற்றிவிடுங்கள், பக்கத்தில் இருந்தால் ஆர்க்கை இழுத்து வளைக்கும்.

ஜிஐ பைப் வேண்டாம் என்பதே நல்ல அறிவுரை. தவிர்க்க முடியாவிட்டால் வெல்டின் இரு பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. வரை துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்று பக்கவாட்டாகப் போகுமாறு நின்று வைக்க வேண்டும். வெள்ளைப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். பால் குடித்தால், வெல்லம் தின்றால் சரியாகும் என்பது பட்டறைப் பேச்சு. நுரையீரலுக்குப் போனதை வயிற்றுக்குப் போவது எடுக்காது. பிரேக் கிளீனர் ஸ்பிரேயில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கலாம். அதனால் துடைத்த பொருளில் ஆர்க் அடித்தால் வருவது நச்சு வாயு. வெல்டுக்கு முன்னால் துடைக்க அதைத் தொடவே வேண்டாம்.

கண்ணாடிக்கு வந்தால், இலவசமாக வரும் பிளாஸ்டிக் கை மறைப்பை ஓரமாக வையுங்கள். ஒரு கை அதற்கே போய்விடும், ஆர்க் எழும்வரை உள்ளே எதுவும் தெரியாது. 1,000 முதல் 2,500 ரூபாய்க்குத் தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வருகிறது. ராடு முனை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைக்க முடிவதால் கற்றுக்கொள்ளும் காலம் பாதியாகக் குறையும். சென்சார் நாலு உள்ளதாக வாங்குங்கள். இரண்டே இருந்தால் பைப்பின் மறைவில் குனிந்து வைக்கும்போது சென்சாருக்கு ஒளி படாமல் பளிச்சென்று கண்ணில் அடிக்கும். கடைக்கு வெளியே வெயிலை நோக்கிக் காட்டினால் சட்டென்று கறுக்க வேண்டும். கறுப்பின் அளவைச் சொல்லும் எண்ணை 10 அல்லது 11-இல் வைத்து ஓட்டலாம். மேல் உறைத் தகடு பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகிவிடும், உதிரித் தகடு கிடைக்கும் மாடலாகப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் வேலை செய்தால் வெளிச்சம் திரும்பிவந்து ஹெல்மெட்டின் பின்பக்க இடுக்கு வழியாகப் படும். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல் ராத்திரிதான் தொடங்கும். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு என்று எதையும் ஊற்றாமல் கண் மருத்துவரிடம் போவதே சரி. பாலியெஸ்டர் சட்டையும் ரப்பர் செருப்பும் கூடாது. பொறி பட்டால் பருத்தியில் ஓட்டை விழும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ராடு முனையில் ஆர்க் இல்லாதபோது 60, 70 வோல்ட் நிற்கும். வியர்வையில் நனைந்த கையுறையோடு, ஈரத் தரையில் நின்று ராடு மாற்றுவது ஆபத்து.

‘கேஸ் இல்லாத மிக்’ என்று, ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி தானாக ஓடிவரும் ஒரு பெட்டியும் இப்போது விற்கிறது. கற்பது சுலபம்தான், ஆனால் கேஸ் இல்லாமல் ஓட உள்ளே பிளக்ஸ் நிரப்பிய கம்பி வேண்டும், டார்ச் மைனஸில் இருக்க வேண்டும். பெட்டியில் இருந்து வரும்போது பலவற்றில் அது பிளஸில் மாட்டியிருக்கும். மாற்றாமல் ஓட்டினால் பொறி மழையாகக் கொட்டும். பிரித்த கம்பிச் சுருள் ஈரத்தில் துருப்பிடித்து வழியில் சிக்கும். மாதம் ஒரு முறை வேலை செய்பவருக்கு ராடு மெஷினே மேல்.

இந்த மெஷின்கள் வெல்டிங்கால் கெடுவதைவிடக் கிரைண்டரால் கெடுவது அதிகம். பக்கத்திலேயே ஏஜி4 (நாலு அங்குல கிரைண்டர்) ஓட்டினால் இரும்புத் தூள் முழுவதையும் ஃபேன் உள்ளே இழுத்துப் போர்டின் மேல் படியவைக்கும். பிறகு ஒரு ஈரமான நாளில் அது கரண்டைக் கடத்தும், ‘டப்’ என்று ஒரு சத்தம், முடிந்தது. இரண்டுக்கும் நடுவே மூன்று மீட்டராவது இடைவெளி வேண்டும். மூலையில் சும்மா கிடக்கும் மெஷினுக்குள் எறும்பும் பல்லியும் குடியேறும். துணிப்பையில் கட்டி வைக்கலாம், ஓட்டும்போது கட்டாயம் கழற்றிவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் விட்டு, கப்பாசிட்டர் வடிந்த பிறகு மூடியைக் கழற்றி புளோயரால் ஊதிவிடுங்கள். வாரண்டி முத்திரை இருந்தால் பக்கத் துளை வழியாகவே ஊதலாம்.

வாரண்டியை வாங்கும்போதே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள், பவர் போர்டும் ஐஜிபிடியும் (உள்ளே கரண்டை வேகமாக அணைத்துப் போடும் டிரான்சிஸ்டர்) அதில் சேர்த்தியா, மெஷினை எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், கூரியர் செலவு யாருடையது என்று. ஆன்லைனில் 500 ரூபாய் குறைவாகக் கிடைப்பதைவிட, சென்னையில் பிராட்வே, லிங்கிச் செட்டித் தெரு போன்ற இடங்களில் ராடு மாட்டி ஓட்டிக் காட்டும் கடையில் வாங்குவது நல்லது. ஓட்டிப் பார்க்கும்போது ஆர்க்கை மட்டும் கவனிக்காமல் பின்பக்கம் கையை வைத்து ஃபேன் காற்று வலுவாக வருகிறதா என்றும் பாருங்கள். வாரண்டி முடிந்த பிறகு முதலில் போவது அந்த ஃபேன்தான். உள்ளூர் போர்டு மெக்கானிக் சில நூறு ரூபாயில் மாற்றித் தருவார், அது நின்றுபோனதைக் கவனிக்காமல் இன்னும் பத்து ராடு ஓட்டாமல் இருந்தால்.